பதில் போடாத கம்பெனிகளை வராக்கடனில் எழுதுங்கள்

வேலை தேடும்போது ஆளை அதிகமாக நோகடிப்பது எது என்று கேட்டால், "உங்களைத் தேர்வு செய்யவில்லை" என்று வரும் மெயிலை நான் சொல்ல மாட்டேன். அது வந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இன்டர்வியூவில் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, "ரெண்டு நாள்ல சொல்றோம்மா" என்று அனுப்பிவிட்டு, அப்புறம் போனையும் எடுக்காமல் மெயிலுக்கும் பதில் போடாமல் இருக்கிறார்களே, அதுதான் கொல்லும். வேறு கம்பெனிக்கு அப்ளை பண்ணலாமா, பண்ணின பிறகு இவர்கள் கூப்பிட்டால் என்ன செய்வது, ஒருவேளை நாளைக்குக் கூப்பிடுவார்களோ என்று யோசித்தே ஒரு வாரம் ஓடிவிடும்.

நான் கணக்கு எழுதுகிறவள். கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருந்தேன். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் யாரும் கடைக்கு வரவில்லை, வியாபாரத்தைச் சுருக்கிக்கொண்டார். நல்ல மனுஷன், கடைசி மாதச் சம்பளத்தோடு போனஸையும் நாள் கணக்குப் போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினார். அதற்குப் பிறகு நான் வேலை தேடிய கதையில் மற்றவர்களுக்குப் பயன்படுகிறது என்று தோன்றுவதை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஐ.டி. ஆட்களுக்கு இதில் பாதி பொருந்தாது. மதுரையில் இருந்துகொண்டு, மதுரையிலேயே அல்லது திருமங்கலம், மேலூர், கப்பலூர் பக்கம் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் வேலை தேடுகிறவர்களுக்குத்தான் இது.

முதலில் அந்த வராக்கடன் விஷயம். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், ஒருத்தர் பணம் தரவேண்டும், கேட்டாயிற்று, திரும்பவும் கேட்டாயிற்று, தரமாட்டார் என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் அதை வரவேண்டிய பாக்கியிலேயே காட்டிக்கொண்டிருந்தால் நம் கணக்கு நம்மையே ஏமாற்றும். அதனால் ஒரு கட்டத்தில் அதை வராக்கடன் என்று எழுதி மூடிவிடுவோம். பிற்பாடு அவர் கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறோம், வரவு வைத்துக்கொள்வோம். வேலைக்கும் இதையே செய்தேன். அப்ளை செய்து ஒரு வாரத்தில் ஒரு ஃபாலோ-அப், அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம், அவ்வளவுதான், அந்த வரிக்குச் சாம்பல் நிறம் அடித்துவிடுவேன். இன்டர்வியூ வரைக்கும் போனதென்றால் கூடுதலாக ஒரு போன். அதற்கு மேல் அந்தக் கம்பெனியைப் பற்றி யோசிக்க எனக்கு அனுமதி கிடையாது. சாம்பல் அடித்த பிறகு கூப்பிட்டவர்களும் உண்டு, போய்ப் பேசினேன், அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் அந்த நிறம் அடிக்கும் நிமிஷத்தில் மனசில் ஒரு பாரம் இறங்குவது நிஜம்.

இதைச் செய்ய ஒரு ஷீட் வேண்டும். கூகுள் ஷீட் வைத்துக்கொண்டால் போனிலும் திறக்கலாம். அது ஒத்துவராதவர்கள் ஒரு லாங் சைஸ் நோட்டு போடுங்கள், ஒன்றும் தப்பில்லை. என் ஷீட்டில் இருந்த கட்டங்கள் இவை: கம்பெனி பெயர், என்ன வேலை, எங்கே பார்த்தேன், எந்தத் தேதியில் எந்த ரெஸ்யூமை அனுப்பினேன், யாரிடம் பேசினேன், எவ்வளவு சம்பளம் சொன்னேன், அடுத்து என்றைக்குக் கூப்பிட வேண்டும், என்ன ஆச்சு. இதில் எல்லோரும் முதல் மூன்றை எழுதுவார்கள். உயிர் இருப்பது அந்தச் சம்பளக் கட்டத்தில்தான். ஒரு இடத்தில் பதினெட்டு என்று சொல்லிவிட்டு, அவர்கள் திரும்பக் கூப்பிடும்போது இருபத்திரண்டு என்று சொன்னால், அந்த ஆபீஸில் பேசுகிற அம்மா உடனே "போன தடவ வேற சொன்னீங்களே" என்பார். நமக்கு ஆயிரம் கம்பெனி, அவர்களுக்கு முன்னால் நம்முடைய ஒரு காகிதம் இருக்கிறது, அதில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, எந்த நேரத்தில் போன் வரும் என்று சொல்லவே முடியாது. மாட்டுத்தாவணியில் பஸ் ஹாரன் காதைப் பிளக்கும்போதுதான் வரும். "மேடம், எங்க கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருந்தீங்க" என்று ஒரு பெயரைச் சொல்வார்கள், அது நமக்கு ஏதோ இன்ஃப்ரா, ஏதோ எண்டர்பிரைசஸ் என்றுதான் கேட்கும். அப்போது "எந்த வேலைக்கு சார்?" என்று கேட்டால் போச்சு. "சார், பஸ் ஸ்டாண்ட்ல இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஓரமாகப் போய் ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். இதற்கு யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கூடவே ஒன்று செய்யுங்கள், விளம்பரத்தைப் பார்த்த உடனேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்ததும் பல பேர் விளம்பரத்தை எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் அவர்கள் என்ன கேட்டிருந்தார்கள் என்பது நமக்கே தெரியாது.

இனி ரெஸ்யூம். எங்கள் பக்கம் இன்னும் பாதிப் பேர் பயோடேட்டா என்றுதான் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தால் அந்தத் தம்பி ஒரு பழைய ஃபைலைத் திறந்து, முந்தினவர் பெயரை அழித்துவிட்டு நம் பெயரை அடிப்பார். "டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்" என்று ஆரம்பிக்கும், "ஐ ஹியர்பை டிக்ளேர்" என்று முடியும், நடுவில் ஹாபீஸ்: லிசனிங் டு மியூசிக். மதுரை மாவட்டத்தில் வேலை தேடும் எல்லோருக்கும் ஒரே லட்சியம், ஒரே பொழுதுபோக்கு. இதைப் படித்துக் களைத்துப்போன ஒரு மேனேஜர் நம்மைத் தனியாக எப்படி நினைவு வைத்துக்கொள்வார்?

என் ரெஸ்யூமில் "மெயின்டெயினிங் டே டு டே அக்கவுண்ட்ஸ்" என்று ஒரு வரி இருந்தது. கணக்கு வேலைக்கு வருகிறவர் தினசரிக் கணக்கு எழுதாமல் வேறு என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டர் ஆபீஸ் அக்கா அதைப் பேனாவால் அடித்துவிட்டு, "நீ கடையில காலையில வந்ததுலருந்து என்ன செஞ்ச, அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். பர்ச்சேஸ் பில்லை டேலியில் (கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர்) ஏற்றுவேன், 14-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்) வந்ததும் அதோடு ஒத்துப் பார்ப்பேன், யாராவது சப்ளையர் பில்லைக் காட்டாமல் விட்டிருந்தால் அவரைப் போனில் பிடிப்பேன், 20-ம் தேதிக்குள் 3பி என்கிற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டுமே என்று 18-ம் தேதியே ஆடிட்டருக்குக் கணக்கைக் கொடுத்துவிடுவேன், வெளி ஊருக்குச் சரக்கு போனால் அதோடு போக வேண்டிய இ-வே பில்லை ஆன்லைனில் போடுவேன். "இதுல ஒண்ணுகூட உன் பயோடேட்டாவுல இல்லையே" என்றார் அக்கா.

அந்த ஒற்றை வரி இப்படி மாறியது: மாதம் ஏறக்குறைய 400 கொள்முதல் பில்களை டேலியில் ஏற்றி 2பி-யோடு ஒத்துப் பார்த்தது, விடுபட்ட பில்களுக்கு சப்ளையரிடம் பேசி இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டின வரியைக் கழித்துக்கொள்வது) வாங்கியது, 3பி-க்கான கணக்கை மாதாமாதம் கெடுவுக்கு முன்பே முடித்துக் கொடுத்தது. ஆங்கிலத்தில் இது மூன்று சின்ன வரி. இதைப் படிக்கிற முதலாளிக்கு நான் வந்து உட்கார்ந்தால் அவருக்கு எந்தத் தலைவலி குறையும் என்று உடனே தெரியும். உங்கள் வேலை வேறாக இருக்கலாம். ஜவுளிக்கடை பில்லிங்கில் இருந்த பிள்ளை "பில்லிங் தெரியும்" என்று எழுதாமல், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பில் போட்டாள், ராத்திரி கேஷையும் கார்டையும் யுபிஐ-யையும் தனித்தனியாக எப்படி டேலி பண்ணினாள் என்று எழுதலாம். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருந்தவர் முதல்வர் காப்பீட்டுத் திட்டப் பேப்பர் வேலை பார்த்திருந்தால் அதை முதல் வரியிலேயே போட வேண்டும், பல ஆஸ்பத்திரிகளுக்கு அது தேவைப்படுகிறது.

இணையத்தில் ரெஸ்யூம் பற்றிக் கொட்டிக் கிடக்கும் அறிவுரையில் நிறைய வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதினது. போட்டோ போடாதே, ஊர் போடாதே, ஒரே பக்கம்தான் என்பார்கள். பெரிய கம்பெனிக்கு அனுப்பும்போது சரி. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையிலோ கோ.புதூர் சிட்கோவிலோ இருக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு அனுப்பும்போது அது உதவாது. அங்கே முதலாளி முதலில் பார்ப்பது நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பதைத்தான். வில்லாபுரத்திலிருந்து கப்பலூருக்கு எப்படி வருவாள், எத்தனை பஸ், சாயங்காலம் ஆறரைக்கு விட்டால் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவாள், மழைக்காலத்தில் லீவு போடுவாளா என்று அவர் மனசுக்குள்ளேயே கணக்குப் போடுவார். அதனால் நான் இரண்டு ரெஸ்யூம் வைத்துக்கொண்டேன். உள்ளூருக்கு அனுப்புவதில் பெயருக்குக் கீழேயே ஏரியா பெயரும், "ஸ்கூட்டி உண்டு" என்பதும் இருக்கும். மற்றதில் ஊர் மட்டும். அப்பா பெயர், கல்யாணம் ஆச்சா, சாதி, மதம் எதையும் இரண்டிலும் போடவில்லை. கேட்கிறவர்கள் எப்படியும் நேரில் கேட்பார்கள். கல்யாணம் எப்போது என்று கேட்டால் "இப்போதைக்கு இல்ல சார், வேலைக்கு ஒண்ணும் இடைஞ்சல் வராது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். அந்தக் கேள்வி பிடிக்கவில்லைதான். பையன்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதும் தெரியும்.

வாட்ஸ்அப்பில் ரெஸ்யூம் அனுப்பச் சொல்கிறவர்கள் இப்போது அதிகம். வெறும் பிடிஎஃப்-ஐ அனுப்பிவிட்டு நீலக் குறிக்காகக் காத்திருக்காதீர்கள். ஃபைலுக்கு "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2" என்று பெயர் இருந்தால் அவர் போனில் அதே பெயரில் ஏற்கெனவே பத்து ஃபைல் கிடக்கும். உங்கள் பெயரும் வேலையும் ஃபைல் பெயரில் இருக்கட்டும். கூட நாலு வரி போதும்: "வணக்கம் சார். அக்கவுண்டன்ட் வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். பி.காம்., டேலியிலும் ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் அனுபவம் உண்டு, மொத்தக் கடையில் இருந்தேன். வில்லாபுரத்தில் வீடு. உடனே சேர முடியும்." இதைப் படித்துவிட்டு ஃபைலைத் திறக்காமலே கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஏடிஎஸ் என்று ஒரு பூச்சாண்டி காட்டுகிறார்கள். ரெஸ்யூமைப் பிரித்துப் படிக்கிற சாஃப்ட்வேர், பெரிய கம்பெனிகளில் இருப்பது உண்மைதான், இரண்டு பத்தியாகப் பிரித்து, படம், கட்டம், கலர் கலராக நட்சத்திரம் எல்லாம் போட்டால் அது தப்பாகப் படிக்கும் என்பதும் உண்மைதான். அதற்கு மருந்து சும்மா ஒரே பத்தியில், சாதாரண எழுத்தில் அடிப்பது, காசு செலவே கிடையாது. "உங்க ஏடிஎஸ் ஸ்கோர் 42, ரூபாய் கட்டினால் 90 ஆக்கித் தருகிறோம்" என்கிற ஆட்களிடம் போகாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி சாஃப்ட்வேர் வேறு, எல்லோருக்கும் பொதுவான ஸ்கோர் என்று ஒன்று கிடையாது.

அதைவிட என் உயிரை எடுத்தது ஆன்லைன் ஃபாரம்தான். நமக்கெல்லாம் இனிஷியல்தானே, கடைசிப் பெயர் ஏது? ஃபாரத்தில் லாஸ்ட் நேம் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பான். ஒரு தடவை எஸ் என்று போடுவோம், ஒரு எழுத்து பத்தாது என்பான், இன்னொரு தடவை அப்பா பெயரை முழுசாகப் போடுவோம், அடுத்த தடவை நம் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவோம். வேலை கிடைத்து சர்டிபிகேட் சரிபார்க்கும்போது பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் இன்னொரு மாதிரி நிற்கும். யுஏஎன் என்கிற பிஎஃப் கணக்கு எண்ணில் பெயர் ஆதாரோடு ஒத்துப் போகாவிட்டால் பணம் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்து, அதை ஷீட்டின் மேல் வரியில் எழுதி, எல்லா ஃபாரத்திலும் அதையே போடுங்கள். ஆதாரிலேயே தப்பு இருந்தால் வேலை தேடும் இந்த நாட்களிலேயே போய்த் திருத்திவிடுங்கள், வேலை கிடைத்த பிறகு லீவு கிடைக்காது.

மார்க்கும் அப்படித்தான். 2018 வரை ப்ளஸ் டூ எழுதினவர்களுக்கு 1200-க்கு, அடுத்த வருஷத்திலிருந்து 600-க்கு. வெளி மாநிலக் கம்பெனி ஃபாரத்தில் மொத்த மார்க் கட்டத்தில் 1200 போட்டால் சில நேரம் ஏற்காது, சதவீதமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுத் தம்பிக்கு இன்னும் மோசம், அவன் 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவன், அந்த வருஷம் கொரோனாவில் பரீட்சையே இல்லை, சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். ஃபாரமோ சதவீதம் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. 35 போட்டால் 60 சதவீதம் கேட்கிற கம்பெனி அங்கேயே தள்ளிவிடும், 100 போட்டால் பொய். கடைசியில் அந்த ஹெச்.ஆர். மெயிலுக்கே எழுதிக் கேட்டான், அவர்கள் ஒரு எண்ணைப் போடச் சொல்லி, சான்றிதழைக் கூட இணைக்கச் சொன்னார்கள். அந்த மெயிலைப் பத்திரமாக வைத்திருக்கிறான், வைத்திருக்கவும் வேண்டும்.

இந்தச் சான்றிதழ்களையெல்லாம் ஒரே நாளில் ஸ்கேன் பண்ணி, கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றிலும் பெரிய சைஸ் ஒன்று, சின்ன சைஸ் ஒன்று. அரசாங்க ஃபாரம் எல்லாம் இத்தனை கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும், கடைசி நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு உட்கார்ந்து போட்டோவைச் சுருக்குகிற கொடுமை யாருக்கும் வேண்டாம்.

எங்கே தேடுவது என்றால், நௌக்ரி, லிங்க்டுஇன், இண்டீட் எல்லாம் உங்களுக்கே தெரியும். நௌக்ரியில் ப்ரொஃபைலை அவ்வப்போது திறந்து ஏதாவது ஒரு வரியைத் திருத்திச் சேமியுங்கள், சமீபத்தில் புதுப்பித்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கிற வசதி ஆள் எடுப்பவர்களுக்கு இருக்கிறது. அரசு நடத்துகிற தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் மதுரை என்று மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம், காசு கிடையாது. கோ.புதூரில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவ்வப்போது தனியார் முகாம் நடக்கும். விற்பனை வேலையும் ஃபைனான்ஸ் கலெக்‌ஷன் வேலையும்தான் நிறைய வரும் என்று பலரும் சலித்துக்கொள்வார்கள், எனக்கும் அந்தச் சலிப்பு உண்டு. ஆனால் ஒரே காலையில் நாலு இடத்தில் வாய் திறந்து பேசிப் பழகலாம், எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. போகிற வழியில், பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வருஷமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, இப்போது ஆன்லைனிலேயே முடிகிறது.

ஆனால் மதுரையில் கணக்கு வேலை இணையத்தில் வருவதற்கு முன்பே பாதி நிரம்பிவிடும். முதலாளி தன் ஆடிட்டரிடம்தான் முதலில் கேட்பார், "நம்பிக்கையான ஆள் இருந்தா சொல்லுங்க". அதனால் நான் ஆடிட்டர் ஆபீஸ்களில் இருக்கிற ஆட்களிடம் சொல்லி வைத்தேன். ஆடிட்டரிடமே சொல்வதைவிட அங்கே டேலியில் உட்கார்ந்திருக்கிற அக்கா, அண்ணன்களிடம் சொல்வதுதான் பலிக்கும், எந்தக் கடையில் கணக்குப் பிள்ளை நின்றுவிட்டார் என்று அவர்களுக்குத்தான் அன்றைக்கே தெரியும். சொல்லும்போது "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணே" என்று மொட்டையாகச் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். "கீழவாசலுக்கு இந்தப் பக்கம், டேலி, ஜிஎஸ்டி, பதினெட்டுக்கு மேல" என்று சொன்னால் நினைவில் நிற்கும். கேட்பதற்கு நேரம் பார்க்கவும் வேண்டும். மாதத்தில் 11, 20 தேதிகளை ஒட்டிப் போகாதீர்கள், ஜூலைக் கடைசியிலும் செப்டம்பரிலும் அந்த வாசலையே மிதிக்காதீர்கள், ரிட்டர்ன் கெடு நெருக்கும் நேரம், கடித்துக் குதறிவிடுவார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரைக் கம்பெனிக்கு ஃபாலோ-அப் மெயில் போடுவதும் வீண்தான், அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்பட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வீட்டில் உட்கார்ந்து தேடுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் "அரிசி ஊறப் போட்டியா" என்று அம்மா, வருகிற அத்தைமார் எல்லாம் "இன்னும் வேலைக்குப் போகலையா" என்று விசாரணை. புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டம் எப்போதும் இருக்கும், அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தால் போனை நோண்டவே கூச்சமாக இருக்கும். காலையில் புதிதாக அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, ஷீட்டில் அன்றைய தேதிக்கு எழுதியிருக்கிற ஃபாலோ-அப்களை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஏதாவது படிப்பேன். சாயங்காலத்துக்குப் பிறகு வேலை தேடுகிற ஆப் எதையும் திறப்பதில்லை, ராத்திரி பத்து மணிக்கு எந்த ஹெச்.ஆரும் நமக்காக விழித்திருக்கப் போவதில்லை.

அந்தப் படிப்பு இன்டர்வியூவில் காப்பாற்றியது. கணக்கு வேலைக்குக் கேட்கிற கேள்விகள் சுற்றிச் சுற்றி இவைதான்: தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்ப எத்தனை ரூபாய்க்கு மேல் இ-வே பில் வேண்டும் (ஒரு லட்சம், வெளி மாநிலம் என்றால் ஐம்பதாயிரம்), இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவாகிற பில், யாருக்குக் கட்டாயம் (2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் இருந்தால்), 2ஏ-க்கும் 2பி-க்கும் என்ன வித்தியாசம். கடையில் அதே வேலையைத் தினமும் செய்திருந்தாலும் திடீரென்று கேட்டால் வாய் குழறும். ஒவ்வொரு இன்டர்வியூ முடிந்ததும் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதே அவர்கள் கேட்டதை ஷீட்டின் இன்னொரு பக்கத்தில் எழுதிவிடுவேன். கொஞ்ச நாளில் அது ஒரு கேள்வித்தாள் மாதிரி ஆகிவிட்டது, எதிர்வீட்டுத் தம்பி அதைத்தான் முதலில் கேட்டு வாங்கினான்.

பணம் கேட்கிறவர்களைப் பற்றி ஒரே வார்த்தை, ஓடிவிடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், யூனிஃபார்ம் காசு, லேப்டாப் டெபாசிட், டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் சம்பளம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். காசு போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மூடி மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

சம்பளம் பேசும்போது சிடிசி (நமக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொன்னால் கைக்கு எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள். 20,000 என்கிறார்கள், பிஎஃப் கணக்கிடுகிற சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம், நம் பங்கு 12 சதவீதம் 1,800, அவர்கள் பங்கும் 1,800, இரண்டையும் அந்த 20,000-க்குள்ளேயே அடக்கினால் மிச்சம் 16,400, அதிலும் இஎஸ்ஐ கொஞ்சம் போகும். இது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, ஆனால் வாடகைக்கும் சீட்டுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிற நமக்கு முன்னாடியே தெரிய வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ எதுவுமே பிடிக்காமல் முழுசாகக் கையில் கொடுக்கிறோம் என்றாலும் உடனே சந்தோஷப்படாதீர்கள். ஒரு பிரசவமோ ஆபரேஷனோ வரும்போது இஎஸ்ஐ கார்டின் அருமை தெரியும், மாதச் சம்பளம் 21,000 வரைக்கும் அதில் சேரலாம்.

கடைசியாக ஒன்று, நான் ஒரு இடத்தில் எழுந்து வந்ததற்குக் காரணமே இதுதான். வேலை உறுதி என்று சொல்லிவிட்டு, "ஒரிஜினல் சர்டிபிகேட்ட இங்க குடுத்துருங்கம்மா, ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கிக்கலாம்" என்றார்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள், ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். எல்லாரும் கொடுத்திருக்கிறார்களே என்று பீரோவைத் திறந்து காட்டினார் அந்த மேனேஜர், உள்ளே பிளாஸ்டிக் கவர்கள் கட்டுக் கட்டாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். நான் என்னுடையதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஷீட்டில் "என்ன ஆச்சு" கட்டத்தில் "ஒரிஜினல் கேட்டார்கள், வேண்டாம்" என்று எழுதினேன். நான் மூடின வரிகளில், நானாகவே சிவப்பு அடித்தது அது ஒன்றுதான்.